ட்யூன் என்பது இன்டேக்கின் மீதிப் பாதி

மாடிஃபை செய்த ஸ்போர்ட்ஸ் காருக்கு ஈசியூ ட்யூனிங், அதாவது எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரில் உள்ள எண்களைத் திருத்துவது, வேண்டுமா என்று கேட்டால் இரண்டே பதில்கள்தான் வரும். ஒன்று, "ட்யூன் போட்டாத்தான் பவரே வெளியே வரும்." இன்னொன்று, "கம்பெனி எஞ்சினியருங்க வருஷக்கணக்கா உட்கார்ந்து எழுதினதை, லேப்டாப்போட வர்றவன் திருத்துறதா?" இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதனால்தான் இந்தச் சண்டை ஓய்வதே இல்லை. எனக்கு உறுத்துவது வேறு. இரு தரப்புமே ட்யூனை அலாய் வீல் மாதிரி ஒரு தனிச் சரக்காகப் பேசுகிறார்கள்: வாங்கலாம், வாங்காமலும் விடலாம். சில பாகங்களைப் பொறுத்தவரை அது சரி. எஞ்சினுக்குக் காற்று கொண்டுவரும் இன்டேக் போன்ற வேறு சில பாகங்களோ ட்யூன் இல்லாவிட்டால் பாதிப் பாகம்தான். அந்தப் பாதியை மட்டும் மாட்டிக்கொண்டு ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு அழுத்துகிறவர்களின் எஞ்சின்தான் பெரும்பாலும் பிரிக்கும் மேசைக்கு வருகிறது.

பொத்தாம்பொதுவாகப் பேசினால் இது பிடிபடாது. ஒரு வண்டியைக் கையில் எடுத்துக்கொள்வோம்: சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ, 2004 மாடலில் இருந்து அமெரிக்காவில் விற்ற 2.5 லிட்டர் வண்டி. ஈஜே257 எஞ்சின், 2,457 சிசி, போர் 99.5 மி.மீ., ஸ்ட்ரோக் 79 மி.மீ., கம்ப்ரஷன் 8.2-க்கு 1, டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம், அதாவது பூஸ்ட், உச்சத்தில் சுமார் 14.5 பிஎஸ்ஐ, புத்தகத்தில் 300 குதிரைத்திறன். பிஸ்டன்கள் ஃபோர்ஜ் செய்தவை அல்ல, வார்ப்பு. வார்ப்பில் சிலிக்கான் அதிகம், அதனால் சூட்டில் விரிவது குறைவு. குளிர் எஞ்சினில் சத்தமும் குறைவு. ஆனால் அடி தாங்காது. நாக்கிங், அதாவது பெட்ரோல் கலவை நேரம் தப்பித் தானாக வெடிப்பது, தொடர்ந்தால் இரண்டு ரிங்குகளுக்கு நடுவே உள்ள மெல்லிய விளிம்பு, ரிங்லேண்ட் என்பார்களே, அது தெறித்துவிடும். ட்யூனிங்கின் நல்லது கெட்டதைப் பேச இதைவிடப் பொருத்தமான எஞ்சின் கிடையாது, ஏனென்றால் தப்பை இது மன்னிப்பதில்லை.

முதலில் சண்டைக்கே இடமில்லாதவற்றை ஒதுக்கிவிடலாம். பிரேக், சஸ்பென்ஷன், கிளட்ச், லேசான ஃப்ளைவீல் எதற்கும் ட்யூன் வேண்டாம். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் சைலன்சர் பகுதியை மட்டும் மாற்றினால், அதாவது கேட்-பேக், ஈசியூவுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை. சத்தம் மாறும், அக்கம்பக்கத்தார் முகம் மாறும், அவ்வளவுதான். தொழிற்சாலை ஏர்பாக்ஸுக்குள் அதே அளவு பேனல் ஃபில்டரைப் போடுவதும் இந்த ரகம்தான். எண்ணெய் தடவிய ஃபில்டராக இருந்தால் மட்டும் கவனம் தேவை: அளவுக்கு மீறித் தடவிய எண்ணெய் சென்சார் கம்பியில் போய் ஒட்டும்.

ஐந்து மில்லிமீட்டர் செய்யும் வேலை

கோல்டு ஏர் இன்டேக் என்பது பார்க்க வெறும் குழாயும் ஃபில்டரும்தான். அரை மணி நேரத்தில் மாட்டிவிடலாம். அதனாலேயே பலரும் முதலில் வாங்குவது இதை, "சும்மா குழாய்தானே, இதுக்கு எதுக்கு ட்யூன்?" என்ற கேள்வியும் இதற்குத்தான் அதிகம் வருகிறது.

எஸ்டிஐ-யில் ஃபில்டரைத் தாண்டியதும் குழாயில் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இருக்கிறது. அதற்குள் சூடேற்றிய மெல்லிய கம்பி. காற்று பட்டால் கம்பி குளிரும். சூட்டைத் தக்கவைக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறதோ அது 5 வோல்ட்டுக்குள் ஒரு சிக்னலாக ஈசியூவுக்குப் போகும். ஈசியூவில் ஓர் அட்டவணை இருக்கிறது: இத்தனை வோல்ட் என்றால் விநாடிக்கு இத்தனை கிராம் காற்று. இதில் கவனிக்க வேண்டியது, குழாயில் ஓடும் மொத்தக் காற்றும் அந்தக் கம்பிக்குத் தெரியாது என்பது. தன்மேல் படும் காற்றை மட்டும் அது அறியும். மிச்சத்தைக் குழாயின் விட்டத்தை வைத்துத் தொழிற்சாலையில் கணக்குப் போட்டு அட்டவணையில் எழுதிவிட்டார்கள்.

கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று, சென்சார் உட்காரும் இடத்தில் பழைய குழாய் 65 மி.மீ., புதுக் குழாய் 70 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மில்லிமீட்டர்தான். ஆனால் குறுக்குப் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் ஏறும்: 70-ஐ 65-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 1.16. கம்பியைத் தொடும் காற்றின் வேகம் அதேதான், வோல்ட்டும் அதேதான், உள்ளே போகும் காற்று மட்டும் 16 சதவீதம் கூடுதல். படியைப் பெரிதாக்கிவிட்டுக் கணக்கைப் பழைய படிக்கே எழுதும் கடைக்காரர் நிலைமைதான் ஈசியூவுக்கு. முழு த்ராட்டிலில் 11-க்கு 1 என்று அது நினைத்து ஊற்றும் காற்று-பெட்ரோல் விகிதம் உண்மையில் 12.8 ஆகிவிடும். இயற்கையாக மூச்சுவிடும் எஞ்சினுக்கு 12.8 நல்ல எண். 14.5 பிஎஸ்ஐ பூஸ்டில், சூடான இன்டர்கூலரோடு, 91 ஆக்டேனில் ஓடும் வார்ப்புப் பிஸ்டனுக்கு அது கெட்ட எண்.

(பெட்ரோல் நாக்கிங்கைத் தாங்கும் அளவான ஆக்டேன் பற்றி ஓர் எச்சரிக்கை: அமெரிக்க பங்க்கில் எழுதியிருக்கும் 91, ஏகேஐ அளவுகோலில். நம் ஊர் பங்க்கில் 91 என்றால் அது ஆர்ஓஎன். அமெரிக்க 91 நம் கணக்கில் ஏறத்தாழ 95, 96. அந்த ஊர் மேப்பின், அதாவது ஈசியூவில் ஏற்றும் அட்டவணைத் தொகுப்பின், பெயரில் 91 என்று பார்த்துவிட்டு இங்கே 91 ஆர்ஓஎன் பெட்ரோலை ஊற்றினால் அதோகதிதான்.)

இப்படிக் காற்றுக்குப் பெட்ரோல் குறைந்து போவது, அதாவது லீன் ஆவது, கதையில் பாதிதான். இன்னொரு பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எவ்வளவு இக்னிஷன் அட்வான்ஸ் கொடுப்பது, அதாவது ஸ்பார்க்கை எவ்வளவு முந்தி அடிப்பது, என்பதை ஈசியூ 'லோடு' பார்த்து முடிவு செய்யும். லோடு என்பது எஞ்சின் ஒரு சுற்று சுற்றும்போது உள்ளே போகும் காற்று, கிராமில். 5,000 ஆர்பிஎம்மில் விநாடிக்கு 250 கிராம் போனால் ஒரு சுற்றுக்கு 3 கிராம். பெரிய குழாயில் ஈசியூவுக்குத் தெரிவது 215 கிராம்தான். அதாவது சுற்றுக்கு 2.6. உடனே அட்டவணையில் 3.0 கட்டத்தைப் பார்ப்பதற்குப் பதில் 2.6 கட்டத்தைப் பார்க்கும். லோடு குறைவு என்றால் அட்வான்ஸ் அதிகம், அப்படித்தான் எல்லா மேப்பும். ஆக, பெட்ரோல் குறைந்த அதே நொடியில் ஸ்பார்க்கும் முந்துகிறது. இரண்டுமே நாக்கிங்கைக் கூப்பிடுபவை. "புது இன்டேக் போட்டதும் வண்டி சீறுது" என்று முதல் வாரம் தோன்றுவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்: கூடிய பவர் குழாய் தந்ததல்ல, தெரியாமல் லீனாகி, தெரியாமல் முந்திய டைமிங் தந்தது.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. எக்ஸாஸ்டில் சென்சார் இருக்கிறதே, லீனானால் ஈசியூ தானே திருத்திக்கொள்ளாதா? திருத்திக்கொள்ளும், நிதானமாக ஓட்டும்வரை. 14.7 விகிதத்தைக் குறிவைத்து, அந்தச் சென்சாரைப் பார்த்துத் திருத்தியபடியே, அதாவது க்ளோஸ்டு லூப்பில், ஓடும்போது பிழையைக் கண்டுபிடித்து, காற்றின் அளவைப் பொறுத்துப் பட்டி பட்டியாகக் கற்று வைக்கும். ட்யூனர்கள் ஏஎஃப் லேர்னிங் என்பது இதைத்தான். ஆனால் பட்டிகள் மொத்தமே நான்கு. பல சுபாரு ஈசியூக்களில் விநாடிக்கு 40 கிராமுக்கு மேல் உள்ள எல்லாமே கடைசிப் பட்டி. முழு த்ராட்டில் ஓப்பன் லூப். அங்கே நேரடித் திருத்தம் கிடையாது. கடைசிப் பட்டியில் கற்றது மட்டும் ஒட்டிக்கொண்டு வரும். அந்தப் பட்டியில் கற்றதோ நெடுஞ்சாலையில் 45, 50 கிராமில் கற்றது. அங்கே பிழை 6 சதவீதம், 250 கிராமில் 16 சதவீதம் என்றால், 6-ஐ மட்டும் திருத்திவிட்டு 11-ஐ 12-ஆக விட்டுவிடும். அதைவிட முக்கியமானது, இந்தத் திருத்தம் பெட்ரோலுக்கு மட்டும்தான். லோடு கணக்கை அது தொடுவதில்லை. பெட்ரோல் சரியாகவே போனாலும் ஸ்பார்க் தப்பான கட்டத்தில் இருந்துதான் வரும். எஸ்டிஐ-யைப் பொறுத்தவரை, "ஈசியூ தானே கற்றுக்கொள்ளும்" என்ற வாதம் என் கணக்கில் இந்த இடத்தோடு முடிகிறது.

விட்டம் மட்டும் மாறுவதாக வைத்துத்தான் இதுவரை கணக்கு. நிஜத்தில் வளைவுக்குப் பக்கத்தில் சென்சார் இருந்தால் காற்று சுழலும். ஒரே வோல்ட்டுக்கு ஆர்பிஎம்மைப் பொறுத்து வேறு வேறு காற்று. அப்படிப்பட்ட இன்டேக்கை எந்த ட்யூனராலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. வாங்கும்போதே சென்சாருக்கு முன்னால் நேரான குழாய் இருக்கிறதா, காற்றை நேராக்கும் தேன்கூட்டு வலை இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

ட்யூனர் எதில் கை வைக்க வேண்டும், எந்த வரிசையில்

முதல் வேலை பூஸ்டைக் கூட்டுவதல்ல, அந்த வோல்ட் அட்டவணையைத் திருத்துவது. க்ளோஸ்டு லூப்பில் அரை மணி நேரம் எல்லாவித வேகத்திலும் ஓட்டி, ஈசியூ தரும் எண்களைப் பதிவு செய்து, அதாவது லாக் எடுத்து, ஒவ்வொரு வோல்ட்டிலும் உடனடித் திருத்தத்தையும் கற்ற திருத்தத்தையும் கூட்டிச் சராசரி பார்க்க வேண்டும். 2.2 வோல்ட்டில் கூட்டுத்தொகை +12 என்றால் அந்த இடத்தில் காற்றின் அளவை 1.12-ஆல் பெருக்கு. மேல் வோல்ட்டுகளுக்குக் காற்று-பெட்ரோல் விகிதத்தைத் துல்லியமாக அளக்கும் வைட்பேண்ட் சென்சார் தனியாக வேண்டும். வண்டியோடு வரும் முன் எக்ஸாஸ்ட் சென்சாரை ரிச் (பெட்ரோல் கூடிய) பக்கம் அதிகம் நம்ப முடியாது. மேப் 11 கேட்டு, வைட்பேண்ட் 12.1 காட்டினால், அங்கே 1.10-ஆல் பெருக்கு. பிறகு கோட்டில் முண்டும் முடிச்சும் இல்லாமல் வழுவழுப்பாக்கி, மறுபடி லாக். எல்லா இடத்திலும் மொத்தத் திருத்தம் ±5-க்குள் வந்தால்தான் அடுத்த வேலை. அடுத்தது முழு த்ராட்டில் பெட்ரோல், அப்புறம் பூஸ்ட், கடைசியில்தான் டைமிங்.

அவசரக்கார ட்யூனர் செய்வது வேறு. வோல்ட் அட்டவணையை அப்படியே விட்டுவிட்டு, பெட்ரோல் அட்டவணையில் 11 இருந்த இடத்தில் 9.5 என்று எழுதிவிடுவார். வைட்பேண்டில் அழகாக 11 வரும். சக்கரத்தில் பவரை அளக்கும் மெஷினான டைனோவின் காகிதமும் அழகாக இருக்கும். லோடு மட்டும் பொய்யாகவே இருக்கும், டைமிங்கும் அந்தப் பொய்யின் மேல்தான் நிற்கும். குளிர்ந்த காலையில் டைனோவில் தப்பிக்கும் வண்டி, ஆகஸ்ட் மாதத்து ஏற்றத்தில் மாட்டிக்கொள்ளும். மேப்பைத் திறந்து பார்த்தால் இது ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்: இன்டேக் மாறியிருக்கிறது, வோல்ட் அட்டவணையில் ஓர் எண்கூட மாறவில்லை.

ரெடிமேட் மேப் போதாதா? போதும், ஒரு நிபந்தனையோடு. கோப் அக்ஸஸ்போர்ட் போன்ற கருவிகளோடு வரும் மேப்புகள் குறிப்பிட்ட இன்டேக், குறிப்பிட்ட ஆக்டேன் என்று பெயரிலேயே சொல்லிவிடும். அதே பாகம், அதே பெட்ரோல் என்றால் அவை நல்ல வேலையே செய்யும். வேறு கம்பெனி இன்டேக்கை மாட்டிவிட்டு "எல்லாம் ஒரே சைஸ்தான்" என்று அந்த மேப்பைப் போடுவது மேலே சொன்ன கணக்கை மறுபடி தொடங்கி வைப்பதாகும். பழைய சுபாருக்களில் டாக்ட்ரிக்ஸ் கேபிளும் ரோம்ரெய்டர், ஈசியூஃப்ளாஷ் மென்பொருள்களும் வைத்து இதை வீட்டிலேயே செய்பவர்களும் உண்டு. கருவி எது என்பதைவிட லாக் படிக்கத் தெரிந்த கண் முக்கியம்.

டவுன்பைப்பும் அந்த 'பிஸ்ஸ்' சத்தமும்

டர்போவில் இருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாயான டவுன்பைப்பை மாற்றினால் சிக்கல் வேறு வகை. டர்போவுக்குப் பின்னால் அடைப்பு குறைகிறது, அதனால் டர்போ சீக்கிரம் சுழல்கிறது. புகையை டர்போவுக்குப் போகாமல் ஒதுக்கிவிடும் கதவான வேஸ்ட்கேட்டை எவ்வளவு மூடி வைப்பது என்ற அட்டவணை பழைய அடைப்பை நம்பி எழுதியது. அதே எண்ணுக்கு இப்போது கூடுதல் பூஸ்ட் ஏறும், 14.5 வர வேண்டிய இடத்தில் 17, 18 வரை எகிறிவிட்டு இறங்கும். எல்லையைத் தாண்டினால் ஈசியூ பெட்ரோலை வெட்டிவிடும், வண்டி சுவரில் முட்டியது போல ஒரு குலுக்கல். வேஸ்ட்கேட் எண்களைக் குறைத்து ட்யூன் செய்தால் இது சரியாகும். சரியாகாத வகையும் ஒன்று உண்டு: வேஸ்ட்கேட் முழுதாகத் திறந்திருந்தும் ஆர்பிஎம் ஏற ஏறப் பூஸ்ட் ஊர்ந்து ஏறுவது. அது வேஸ்ட்கேட் துவாரம் சிறிதாக இருப்பதன் கோளாறு. டர்போவைக் கழற்றி அந்தத் துவாரத்தைப் பெரிதாக்க வேண்டும். மென்பொருளில் அதற்கு மருந்தில்லை.

வெளியே காற்றை விடும் ப்ளோ-ஆஃப் வால்வு இன்னொன்று. சென்சார் ஏற்கெனவே எண்ணிவிட்ட காற்றை இது தெருவில் விட்டுவிடுகிறது. அதற்கான பெட்ரோல் மட்டும் சிலிண்டருக்குப் போகும். கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு நொடி ரிச், தடுமாற்றம், சில வண்டிகளில் சிக்னலில் அணைந்தே போகும். இதையும் ட்யூன் குணப்படுத்தாது. காற்றைத் திரும்ப இன்டேக்குக்கே அனுப்பும் வால்வைப் போடுங்கள். சத்தம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

எதுவுமே மாற்றாத வண்டிக்கு?

இங்கேதான் "கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா" என்பவர்களுக்கு என் பாதிச் சம்மதம் முடிகிறது. கம்பெனி எஞ்சினியர் எழுதியது அந்த நாட்டுப் பெட்ரோலுக்கு, அந்த நாட்டுப் புகைச் சட்டத்துக்கு. ஜப்பானுக்கென்று செய்த 2 லிட்டர் எஸ்டிஐ, அங்கே கிடைக்கும் 100 ஆர்ஓஎன் பெட்ரோலை நம்பி மேப் செய்தது. பிரிட்டனுக்கு இறக்குமதியானபோது 95, 97 ஆர்ஓஎன்னில் அவை நாக்கிங்கோடுதான் ஓடின. ஒரு போல்ட்கூட மாற்றாத வண்டிக்கு ட்யூன் அவசியமான கதை அது. அமெரிக்க 2.5-இலும் பூஸ்ட் ஏறிய பிறகும் சிறிது நேரம் 14.7-இலேயே நின்று, தாமதமாக ஓப்பன் லூப்புக்குப் போகும் பழக்கம் தொழிற்சாலை மேப்பில் உண்டு. அந்தத் தாமதத்தை நீக்குவது ட்யூனர்கள் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று. குதிரைத்திறன் ஒன்றுகூடக் கூடாவிட்டாலும் அது லாபம்தான்.

டர்போ இல்லாத வண்டியில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். 2012-இல் வந்த டொயோட்டா 86-ஐப் பாருங்கள்: 2 லிட்டர், 12.5 கம்ப்ரஷன், 7,000 ஆர்பிஎம்மில் 200 குதிரைத்திறன். ஏற்கெனவே பிழிந்து எடுத்த எஞ்சின். வெறும் ட்யூனால் உச்ச எண் பெரிதாக அசையாது. ஆனால் 3,500 முதல் 4,500 ஆர்பிஎம் வரை டார்க்கில் ஒரு பள்ளம் இருக்கும், ஓட்டியவர்களுக்குத் தெரியும். நல்ல ஹெடரும் (எஞ்சினில் இருந்து புகையை வாங்கும் முதல் குழாய்த் தொகுதி) ட்யூனும் சேர்ந்து வந்தால் அந்தப் பள்ளம் பெருமளவு நிரம்பும். ஹெடர் மட்டும் போட்டால் கொஞ்சம்தான் நிரம்பும்.

லாக்கில் எதைப் பார்ப்பது

சுபாருவில் இறுதி டைமிங் இப்படி வருகிறது: அடிப்படை டைமிங், அதோடு டேம் எனப்படும் பெருக்கி மடங்கு கூடுதல் அட்வான்ஸ், அதில் இருந்து நாக்கிங் திருத்தங்கள் கழிவு. டேம் 0-க்கும் 1-க்கும் இடையில் இருக்கும். 1 என்றால் ஈசியூ நிம்மதியாக இருக்கிறது. அதற்குக் கீழே இறங்கினால் பெரிய நாக்கிங்கைக் கேட்டு அது மொத்தமாகப் பின்வாங்கியிருக்கிறது என்று பொருள்; அன்றைக்கு வேகம் வேண்டாம். கியர் மாற்றும்போதோ திடீரென்று மிதிக்கும்போதோ −1.4 டிகிரி என்று ஒரு முறை வந்து போவது சத்தத்தால் வரும் ஏமாற்றமாக இருக்கலாம். முழு த்ராட்டிலில், அதே ஆர்பிஎம்மில், திரும்பத் திரும்ப வந்தால் அது நிஜம்.

லாக் எடுக்கும் இடம் டைனோ அல்லது மூடிய டிராக். மூன்றாவது கியர் போதும், 2,500-இல் இருந்து முழு த்ராட்டிலில் 6,500 வரை ஒரே இழுப்பு. ஆர்பிஎம், லோடு, பூஸ்ட், சென்சார் வோல்ட், டைமிங், இரண்டு நாக்கிங் திருத்தங்கள், டேம், இன்டேக் காற்றின் வெப்பம் இவை இருந்தால் போதும். இவற்றுக்கு மேல் நெடுவரிசைகளைச் சேர்த்தால் ஈசியூ விநாடிக்கு அனுப்பும் வரிசைகள் குறையும், நாக்கிங் நடுவில் நழுவிவிடும். ரீசெட் செய்த உடனே எடுத்த லாக்குக்கு மதிப்பில்லை, கற்றதெல்லாம் அழிந்திருக்கும். பழைய எஸ்டிஐ வாங்கப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். விற்பவர் காலையில்தான் பேட்டரியைக் கழற்றி மாட்டினார் என்றால், கொஞ்சம் ஓட்டிவிட்டுப் பிறகு டேமைப் பாருங்கள்.

ட்யூனுக்கு முன் எஞ்சின் ஆரோக்கியமாக இருக்கிறதா என்று பார்ப்பது இன்னும் முக்கியம். நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் கசிகிறதா என்று பார்க்கும் லீக்-டவுன் சோதனை, குறிப்பாக நான்காவதில். இந்த எஞ்சினில் ரிங்லேண்ட் உடையும் கதைகளில் அதன் பெயர்தான் அதிகம் அடிபடும். இன்டேக்கில் 15 பிஎஸ்ஐ அழுத்தம் கொடுத்து எங்காவது காற்று கசிகிறதா என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். சென்சாருக்குப் பின்னால் கசிவு இருந்தால் பூஸ்டில் ரிச்சாகும், ஐடிலில் லீனாகும். இந்த இரட்டைக் குணம் கண்டால் மேப்பைத் தொடாதீர்கள், க்ளாம்பைத் தேடுங்கள். புது பிளக், ஒரு படி குளிர்ந்த ரகம், இடைவெளி 0.7 மி.மீ. அளவுக்கு. ஆயில் மட்டம். ட்யூன் வார்ப்புப் பிஸ்டனை ஃபோர்ஜ் பிஸ்டனாக்காது, விரிசல் விட்ட ஆயில் பிக்கப் குழாயையும் ஒட்டவைக்காது.

டைனோ எண்ணைப் பற்றிக் கடைசியாக: புத்தகத்தில் 300 உள்ள வண்டி சக்கரத்தில் 220 காட்டும், வேறு டைனோவில் 240 காட்டும். மஸ்டாங் டைனோ எண்ணை டைனோஜெட் எண்ணோடு ஒப்பிட்டு "ட்யூனில் 20 கூடிற்று" என்பவரிடம் ஏமாறாதீர்கள். அதே மெஷின், அதே நாள், முன்பும் பின்பும். காகிதத்தோடு மேப் ஃபைலையும், கடைசி இழுப்பின் லாக்கையும் கேட்டு வாங்குங்கள். ஃபைலைப் பூட்டி வைக்கும் ட்யூனர் என்றால், பின்னால் இன்ஜெக்டரோ எத்தனால் மிகுந்த ஈ85 பெட்ரோலோ மாற்றும்போது மறுபடி அவரிடமே போக வேண்டியிருக்கும் என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. 2021 ஜூலை 19 முதல் அங்கே புகைச் சோதனையில் ஈசியூ மென்பொருள் மாற்றப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். கார்ப் (கலிஃபோர்னியாவின் காற்றுத்தர வாரியம்) அனுமதி எண் இல்லாத மேப் என்றால் வண்டி தேறாது. சோதனைக்கு முதல் நாள் தொழிற்சாலை மேப்பை, அதாவது ஸ்டாக் மேப்பை, ஏற்றிக்கொண்டு போகலாம் என்பவர்கள், கூடவே ஸ்டாக் ஏர்பாக்ஸையும் திரும்ப மாட்டிக்கொண்டு போக வேண்டும். ஸ்டாக் மேப்போடு 70 மி.மீ. குழாய் என்றால் கணக்கு மறுபடி 12.8-க்குத்தான் போகும்.